பக்கத்துக் கட்டில்

பெண்கள் விடுதி,
மத்திய கல்லூரி, ஹெலகம,
மொனராகலை மாவட்டம்.
14 மே 1993

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். ஊரில் அம்மாவும் நலம் என்று வெசாக் பண்டிகை லீவில் போன பிள்ளைகள் வந்து சொன்னார்கள். நீங்கள் நலமா என்று கேட்கவே தேவையில்லை. பெரியம்மா வீட்டில் சாப்பிட்டுச் சாப்பிட்டு என் லலந்த அண்ணாவின் சட்டை பட்டன் போட முடியாமல் இருக்கிறதாம். செய்தி கொழும்பிலிருந்து காட்டுக்குள் வரைக்கும் வந்துவிட்டது.

உயர்தர வகுப்பு தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. இங்கே காலையில் பருப்பும் தேங்காய்ச் சம்பலும், இரவில் பருப்பும் சம்பல் இல்லாமலும். பௌதிகவியலுக்கு வந்த சார் இரண்டு வாரத்தில் மாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பாடவேளையில் நாங்களே புத்தகத்தைப் பார்க்கிறோம், புத்தகம் எங்களைப் பார்க்கிறது.

ஆனால் விலங்கியலுக்கு விஜேகோன் சார் இருக்கிறார். போன வாரம் தேரை வெட்டினோம். பாதிப் பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். நான் தோலை உரித்து நரம்பு அறாமல் பிரித்து வைத்தேன். சார் குனிந்து பார்த்துவிட்டு, "இந்தப் புள்ளைக்குக் கை நடுங்கவே இல்லையே. இவ டாக்டருக்குப் படிக்கலன்னா நான் வாத்தியார் வேலைய விட்டுடுறேன்" என்றார். வகுப்பே கேட்டது. நான் ஒன்றும் தெரியாதவள் போலத் தேரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் மாவட்டத்துக்கு மருத்துவத்துக்கு வருடம் ஐந்து இடம்தான். ஆனால் கொழும்பை விட நமக்கு இடம் கிடைக்கத் தேவையான வெட்டுப்புள்ளி எவ்வளவோ குறைவு. பின்தங்கிய மாவட்டத்தில் பிறந்ததற்குக் கிடைத்த ஒரே சீதனம் இது. அந்த ஐந்தில் ஒருத்தி உங்கள் தங்கச்சி. இதை ஆசை என்று நினைக்காதீர்கள், முடிவு பண்ணிவிட்டேன்.

பௌதிகவியல் டியூஷன் வகுப்பில் கொடுக்கிற டியூட் தாள் பழசு ஏதாவது கிடைத்தால் அனுப்புங்கள். மும்மணிகள் உங்களைக் காக்கட்டும். இங்கிருந்தே கும்பிடுகிறேன்.

சுமுது

*

கொழும்பு
2 ஜூன் 1993

அன்புத் தங்கச்சி சுமுதுவுக்கு,

மும்மணிகளின் அருளால் இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதத்தைப் பெரியம்மாவும் பெரியப்பாவும் படித்துச் சிரித்தார்கள். தேரை வெட்டியதை அவர்கள் செல்ல மகள் ஓஷதி மட்டும் படிக்க மாட்டேன் என்று எழுந்து போய்விட்டாள்.

ஓஷதியைப் பற்றித்தான் எழுதுகிறேன். பாவம், பிள்ளைக்குக் கொஞ்ச நாளாக மூச்சுத் திணறல். கொழும்புப் புகை ஒத்துக்கொள்ளவில்லை, காற்று நல்ல ஊரில் படிக்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பெரியம்மாவுக்கு உன் நினைவு வந்தது. உன் பள்ளிக்கூடத்திலேயே உயர்தரத்தில் சேர்க்கப் பார்க்கிறார்கள். நான்தான் பள்ளிக்கூட அதிபரைப் பார்க்க வருகிறேன். உன் பக்கத்துக் கட்டில் கிடைத்தால் எனக்கு நிம்மதி. நம் வீட்டுப் பிள்ளை, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவளிடம் கொழும்பு டியூட் எல்லாம் இருக்கிறது. உனக்கும் ஆயிற்று.

இன்னொரு நல்ல செய்தி. பெரியப்பா யாரிடமோ பேசித் துறைமுக அலுவலகத்தில் எனக்கு எழுதுவினைஞர் வேலைக்கு ஏற்பாடு செய்திருக்கிறார். அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே, உறுதியானதும் நானே சொல்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் அண்ணன்
லலந்த

*

ஹெலகம
20 ஜூலை 1993

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். வேலை விஷயம் கேட்டு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை, ஆனால் பௌர்ணமிப் போயா தினத்தில் விகாரைக்குப் போய் உங்களுக்காகப் பூ வைத்தேன்.

ஓஷதி வந்து சேர்ந்துவிட்டாள். இரண்டு பெட்டி, ஒரு கொசுவலை, நாலு வாசனைச் சோப்பு. முதல் நாள் கிணற்றில் வாளி போட்டுத் தண்ணீர் இறைக்கத் தெரியாமல் வாளியையும் கயிற்றையும் சேர்த்து உள்ளே விட்டாள். விடுதி மேட்ரன் கத்திய கத்தில் காக்காய் எல்லாம் பறந்தன. ஆனால் நல்ல பிள்ளை அண்ணா. கர்வம் கிடையாது. சம்பலைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள்.

ஒரு விஷயம்தான் வேடிக்கை. எல்லாவற்றையும் கொண்டுவந்தவள் மூச்சுத் திணறலை மட்டும் கொழும்பிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். விடுதியைப் பெருக்கும்போது எழுகிற புழுதிக்கு எனக்கே தும்மல் வரும். அவள் பாட்டுப் பாடிக்கொண்டு பெருக்குகிறாள்.

இதைப் பார்த்து இனோகா ஒரு பேச்சுப் பேசினாள். இனோகாவைத் தெரியும்தானே, வகுப்பில் எனக்கு அடுத்தபடியாக மார்க் வாங்குகிறவள். சோற்று வரிசையில் எல்லோர் முன்னாலும், "அடியே சுமுது, அஞ்சு தட்டுதான் வச்சிருக்கு. உன் அக்கா விருந்தாளியா வரலடி. தட்டைத் தூக்க வந்திருக்கா" என்றாள். ஓஷதி என்னைவிட மூன்று மாதம் மூத்தவள், அதனால் அக்கா என்று கேலி. இங்கே படித்து எழுதினால் ஓஷதி நம் மாவட்டக் கணக்கில் வந்துவிடுவாளாம்.

அப்படியா அண்ணா? நீங்கள் கொழும்பில் இருக்கிறீர்கள், விசாரித்துச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் சரி.

அன்போடு கும்பிடும்
சுமுது

*

ஹெலகம
11 செப்டம்பர் 1993

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? போன கடிதம் கிடைத்ததா? பஸ்ஸில் தொலைந்துபோயிருக்கும் என்று நினைத்து மறுபடி எழுதுகிறேன்.

அந்த இனோகா விடுவதாக இல்லை. நேற்றுப் படிப்பு நேரத்தில் மறுபடி ஆரம்பித்தாள். "உன் அண்ணன்கிட்ட கேட்டியா? பதில் வந்துச்சா? வராதுடி, வராது" என்றாள். நான் எழுந்து போய் அவள் மேசையில் இருந்த மைக்கூட்டைத் தட்டிவிட்டேன். அவளுடைய வெள்ளைச் சீருடை முழுக்க மை. மேட்ரன் என்னை முட்டி போட வைத்தார். ஓஷதி அழுதுகொண்டே வந்து எனக்குப் பக்கத்தில் தானும் முட்டி போட்டாள். "நான் வந்ததாலதானே உனக்கு இது" என்றாள். இதைவிட ஒரு பிள்ளை என்ன செய்ய வேண்டும்?

அதிபரிடம் போய்க் கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஆனால் உங்களிடம் கேட்டுவிட்டு அவரிடமும் கேட்பது உங்களை நம்பாத மாதிரி ஆகும். அதனால் போகவில்லை. ஒரு வரி எழுதுங்கள் அண்ணா.

சுமுது

*

கொழும்பு
9 அக்டோபர் 1993

அன்புத் தங்கச்சி,

வேலையில் சேர்ந்த புதிது, மூச்சு விட நேரமில்லை. அதனால்தான் தாமதம். இங்கே மழை. பெரியம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி சுகம். உனக்கு நெஸ்டமோல்ட் சத்துமாவு டப்பா ஒன்று அனுப்பியிருக்கிறேன், ஓஷதிக்கும் கொடு.

நீ மைக்கூட்டைத் தட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. படிக்கப் போன இடத்தில் சண்டை என்ன? நோயாளிப் பிள்ளையைப் பற்றிக் கேலி பேசுகிறவர்களோடு உனக்கு என்ன பேச்சு? இனோகாவுக்குப் பொறாமை. அவ்வளவுதான்.

நீ கேட்டதை விசாரித்தேன். படிக்கிற பள்ளிக்கூடம் வேறு, கணக்கில் எடுக்கிற வீட்டு விலாசம் வேறு. பெரியம்மா வீடு கொழும்பு, ஆகவே ஓஷதி கொழும்புக் கணக்கு. நீ நம் மாவட்டக் கணக்கு. உன் இடத்தை யாரும் தொட முடியாது. இதை இனி யாரிடமும் பேச வேண்டாம், ஓஷதியிடமும் பேச வேண்டாம். அவள் மனது நோகும்.

அண்ணன் சொல்கிறேன், நிம்மதியாகப் படி.

லலந்த

*

ஹெலகம
6 மார்ச் 1994

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். புது வருடத்துக்கு ஊருக்கு வருவீர்கள்தானே? வேலையில் சேர்ந்ததை நீங்கள் நேரில் சொன்னதும் அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் வாழைப்பழம் கொடுத்தாளாமே.

உங்களைத் தொந்தரவு செய்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தை இனோகாவிடம் வாசித்துக் காட்டினேன். "உன் அண்ணன் சொன்னா சரிதான்" என்று ஒரு மாதிரிச் சிரித்தாள். அதற்குப் பிறகு நாங்கள் பேசுவதில்லை. சம்பல் கிண்ணத்தைக்கூட நடுவில் ஒருத்தியை வைத்துத்தான் கைமாற்றுகிறோம்.

எனக்கும் ஓஷதிக்கும் ஒரு வியாபாரம். அவள் எனக்குக் கொழும்பு டியூட்டில் இருக்கிற பௌதிகக் கணக்குகளைச் சொல்லித் தருகிறாள். நான் அவளுக்கு வெட்டச் சொல்லித் தருகிறேன். முதலில் கரப்பான்பூச்சியைக் கண்டாலே மேசை மேல் ஏறுவாள். அவள் கையை என் கையால் பிடித்து, கத்தரியை எங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டினேன். போன வாரம் அவளே தனியாகத் தேரையின் நரம்பை எடுத்துவிட்டாள். விஜேகோன் சார் அவளையும் பாராட்டினார். அன்றைக்கு விளக்கை அணைத்த பிறகு கொசுவலைக்குள்ளிருந்து கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எனக்குச் செஞ்சத நான் எப்படித் திருப்பித் தரப்போறேன்னு தெரியல" என்றாள். ஒரு தேரைக்கு இவ்வளவா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. கொழும்புப் பிள்ளைகளுக்கு எல்லாமே பெரிசு.

விளையாட்டுப் போட்டியில் நானூறு மீட்டரில் அவள் இரண்டாவது. நம் ஊர்க் காற்றைப் போத்தலில் அடைத்து விற்கலாம் அண்ணா.

மும்மணிகளின் காவல் உங்களுக்கு.

சுமுது

*

கொழும்பு
18 ஜூலை 1995

அன்புத் தங்கச்சி,

சுகம்தானே? பரீட்சை நெருங்கிவிட்டது. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி. எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. எல்லாம் பெரியப்பாவின் தயவு.

பரீட்சைக்கு முந்தின நாள் வருகிறேன். அப்பா இருந்திருந்தால் அவர் வந்திருப்பார். வெற்றிலை கொடுத்துக் கும்பிட வீட்டு ஆண்பிள்ளை ஒருவன் வேண்டாமா? பெரியப்பாவாலும் பெரியம்மாவாலும் வர முடியாது, ஓஷதிக்கும் நான்தான்.

மற்றவை நேரில்.

லலந்த

*

ஊரிலிருந்து
3 செப்டம்பர் 1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவும் நானும் நலம். பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்து சோளத் தோட்டத்தில் கிளி விரட்டிக்கொண்டிருக்கிறேன்.

விலங்கியலும் தாவரவியலும் நன்றாக எழுதினேன். இரசாயனம் பரவாயில்லை. பௌதிகத்தில் ஓஷதி சொல்லித் தந்த கணக்கு ஒன்று அப்படியே வந்திருந்தது. அவளும் நன்றாக எழுதினாளாம்.

நீங்கள் வந்தது எனக்கு எவ்வளவு தெம்பு தெரியுமா? எல்லாப் பிள்ளைகளும் ஆசிரியர்களுக்கும் அம்மா அப்பாவுக்கும் வெற்றிலைக் கட்டு கொடுத்துக் காலில் விழுந்துகொண்டிருந்தார்கள். நீங்கள் பலா மரத்தடியில் நின்றீர்கள். நான் விழுந்தேன், பிறகு ஓஷதி விழுந்தாள். இரண்டு பேர் தலையிலும் கை வைத்தீர்கள். என் தலையில் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது. அப்பாவை நினைத்துக்கொண்டீர்கள் என்று எனக்குப் புரிந்தது. அந்தக் கையை நினைத்துக்கொண்டுதான் முதல் வினாத்தாளைத் திறந்தேன்.

கும்பிடுகிறேன்.

சுமுது

*

ஊரிலிருந்து
22 ஏப்ரல் 1996

அண்ணாவுக்கு,

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. பயப்பட வேண்டாம், காய்ச்சல் இல்லை. சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

வெட்டுப்புள்ளி வந்ததை நீங்கள் அறிந்திருப்பீர்கள். பெறுபேறு வந்தபோது என் மார்க்கைப் பார்த்து விஜேகோன் சார், "போன வருஷக் கணக்குக்கு இது தாராளம்" என்றார். இந்த வருடம் நம் மாவட்டத்தில் நான் ஆறாவது. ஐந்தாவது ஆளுக்கும் எனக்கும் இரண்டே மார்க். அந்த ஐந்தாவது ஆள் யார் என்று பாடசாலைப் பலகையில் பார்த்தேன். கொழும்பு மாவட்டத்துப் பலகையில் இருக்க வேண்டிய பெயரை யாரோ தவறாக இங்கே எழுதிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அதைச் சொல்ல அதிபரிடம் போனேன். மூன்று வருடம் முன்பே போயிருக்க வேண்டிய இடம். அவர் என்னை உட்காரச் சொன்னார். "படிச்ச பாடசாலையை வச்சுத்தான் மாவட்டம், மகள். இது உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். இந்தப் பாடசாலையில் அது தெரியாதவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

அப்போதும் நான் உங்களைச் சந்தேகிக்கவில்லை. உங்களுக்கு யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள், அண்ணாவும் ஏமாந்துவிட்டார் என்று அம்மாவிடம் சொன்னேன். சத்தியமாக அப்படித்தான் நம்பினேன்.

புது வருடத்துக்கு மறுநாள் பெரியம்மாவும் ஓஷதியும் வந்தார்கள். பாற்சோறும் கொண்டைப் பணியாரமும் எனக்கு ஒரு புதுச் சேலையும் கொண்டுவந்தார்கள். பெரியம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "உன் மனசு யாருக்குடி வரும்? அன்னிக்கு லலந்த வந்து, 'தங்கச்சிகிட்ட எல்லாத்தையும் சொல்லிக் கேட்டுட்டேன், அவளுக்கு முழுச் சம்மதம்'னு சொன்னானே, அதுக்கப்புறம்தான் எனக்கு மனசு சமாதானமாச்சு. இல்லாட்டி இந்தப் புள்ளைய நான் அனுப்பியிருக்கவே மாட்டேன்" என்றாள்.

ஓஷதி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அந்த நிமிஷத்தில் புரிந்துவிட்டது. பணியாரத் தட்டைக் கீழே வைத்தாள். "சுமுது, உனக்குத் தெரியும்தானே? உனக்குத் தெரியும்னுதானே நான் இத்தன நாள்…" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெரியும் அக்கா" என்றேன். பெரியம்மா முன்னால் உங்களைக் காட்டிக் கொடுக்க எனக்கு வரவில்லை. அம்மா மட்டும் அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவளும் மூச்சுத் திணறலைத்தான் நம்பியிருந்தாள். ஓஷதிக்குக் கசாயம் வைத்து விடுதிக்குக் கொடுத்தனுப்பியவள் அவள்.

நான் எப்போது சம்மதித்தேன் அண்ணா? எந்த இடத்தில், என்ன வார்த்தை சொன்னேன்? அதை மட்டும் எழுதுங்கள்.

சுமுது

*

கொழும்பு
10 ஜூன் 1996

என் அன்புத் தங்கச்சிக்கு,

அம்மாவுக்கு இப்போது எப்படி? மருந்து அனுப்பியிருக்கிறேன். எழுத உட்காரும்போதெல்லாம் பேனா ஓடவில்லை.

நான் யார் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன் என்று உனக்குத் தெரியும். அப்பா போன பிறகு நமக்கு நின்றது பெரியப்பா ஒருவர்தான். அவர் வாய் விட்டுக் கேட்டபோது என்னால் மறுக்க முடியவில்லை. நீ எப்போதும் முதல் ஆள். முதல் மூன்று பேருக்குள் வருவாய் என்று விஜேகோன் சாரே என்னிடம் சொன்னார். நீ மூன்றாவதாக வந்தால் ஐந்தாவது இடம் யாருக்குப் போனால் உனக்கென்ன நஷ்டம் என்று நினைத்தேன். உன்மேல் இருந்த நம்பிக்கையில்தான் செய்தேன். உன்னிடம் கேட்டாலும் நீ சரி என்றுதான் சொல்லியிருப்பாய். அது எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

நடந்ததை விடு. ஓஷதி அக்டோபரில் மருத்துவ பீட விடுதிக்குப் போகிறாள். அவள் அறை காலி. பெரியம்மா உன்னை வரச் சொல்கிறாள். இங்கே தங்கி, பெரிய டியூஷன் வகுப்புகளுக்குப் போய், இங்கே ஒரு பாடசாலையில் சேர்ந்து மறுபடி எழுது. இந்த முறை யாரும் உன்னைத் தடுக்க முடியாது. எல்லா ஏற்பாட்டையும் நான் செய்கிறேன்.

பதில் போடு.

லலந்த

*

பெண்கள் விடுதி, ஹெலகம
4 ஆகஸ்ட் 1996

அண்ணாவுக்கு,

அம்மா இப்போது சாப்பிடுகிறாள். மருந்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்றாள், அதனால் வைத்திருக்கிறோம்.

அழைப்புக்கு நன்றி. அந்த அறைக்கு வந்து அங்கே ஒரு பாடசாலையில் சேர்ந்தால் நான் கொழும்புக்காரி ஆகிவிடுவேன். கொழும்பு வெட்டுப்புள்ளிக்கு நான் எங்கே போவேன்? மாவட்டக் கணக்கு உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஓஷதிக்காகப் பார்த்த கணக்கை எனக்காக ஒரு தடவையாவது போட்டுப் பார்த்திருக்கலாம்.

நான் விடுதிக்கே திரும்பி வந்துவிட்டேன். கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலங்கியல் செய்முறை சொல்லிக் கொடுக்கிறேன் என்று சொன்னதும் மேட்ரன் பழைய கட்டிலையே தந்துவிட்டார். இனோகாவும் இரண்டாம் தடவை எழுதுகிறாள். வந்த அன்று அவளிடம் போய், "நீ சொன்னதுதான் சரி. உன் சீருடைய மைல நனைச்சதுக்கு என்ன வேணா சொல்லு" என்றேன். "போடி, அந்த மை இன்னும் போகல, இந்தா பாரு" என்று சீருடையைக் காட்டினாள். பிறகு சம்பல் கிண்ணத்தைத் தன் கையாலேயே என் பக்கம் தள்ளினாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. வீட்டில்கூட நான் அழவில்லை.

என் பக்கத்துக் கட்டிலுக்குக் காலி நகரத்திலிருந்து புதுப் பிள்ளை ஒருத்தி வந்திருக்கிறாள். காற்று ஒத்துக்கொள்ளாமல் வந்தாயா என்று கேட்டேன். "இல்லக்கா, மாவட்டத்துக்குத்தான் வந்தேன். அப்பா அனுப்பினார். கோபமா?" என்றாள். கோபமில்லை என்று சொல்லிக் கிணற்றைக் காட்டி, வாளியை எப்படிப் போட வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தேன். அவள் உண்மையைச் சொன்னாள். அவளோடு போட்டி போட எனக்குக் கஷ்டமில்லை.

ஓஷதி மூன்று கடிதம் எழுதிவிட்டாள். அவளுக்குப் பதில் போட்டேன். அவள் உழைத்து வாங்கிய மார்க் அது, அவளிடம் எனக்கு வழக்கில்லை.

நீங்கள் கேட்டிருந்தால் நான் சரி என்று சொல்லியிருப்பேனாம். சொல்லியிருப்பேனோ என்னவோ. நீங்கள் முட்டி போட்டுக் கேட்க வேண்டியதில்லை, ஒரு கடிதத்தில் ஒரு வரி போதும். நான் உங்களுக்கு எதைத்தான் இல்லை என்றேன்? கொடுத்திருந்தால் நான் கொடுத்தவள். இப்போது நான் யார்? அந்த ஐந்தாவது இடத்துக்காக இன்னொரு வருடம் படித்துவிடலாம். உங்கள் கடிதத்தை இனோகாவுக்கு வாசித்துக் காட்டிய அந்தப் பிள்ளையை எங்கே போய்த் தேடுவது?

அடுத்த வருடம் பரீட்சைக்கு முந்தின நாள் நீங்கள் வர வேண்டாம். அம்மா வருகிறாள், விஜேகோன் சார் இருக்கிறார். இந்தத் தடவை வெற்றிலை நானே வாங்குவேன். உங்களுக்கு என்று ஒரு கட்டு வாங்கப் போவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுமுது